கல்யாண வீட்டில் கேலிப் பாட்டு – கடிதம்

வணக்கம் சார்,

மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கூட வேலை செய்பவரின் கல்யாணத்துக்காக லாண்ட்ஸ்ஹூட் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் தொப்பி வைத்த ஒருவர் எழுந்து நின்று, பின்னால் அக்கார்டியன் வாசிக்க, விருந்தாளிகளை ஒவ்வொருவராகக் கிண்டல் செய்து நாலு நாலு வரியாகப் பாடினார். பெண்ணின் மாமாவை, ஊர் மேயரை, கடைசியில் என்னையும். பன்றி ரோஸ்டுக்கு நான் மிளகாய்த்தூள் கேட்டதைத்தான் பாடுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கூடமே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். இதெல்லாம் அங்கேயே கட்டுவதா, எழுதிக்கொண்டு வருவதா? யாருக்கும் கோபமே வராதா? என்னைப் பாடியதை எப்படி எடுத்துக்கொள்வது? நம் எசப்பாட்டு மாதிரிதானா இது?

மியூனிக்கிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எசப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். பாடினால் எதிர்ப்பாட்டு வரும் என்ற ஒரு குணம் இரண்டுக்கும் பொது. அதற்கு மேல் ஒட்டவைத்தால் இரண்டுமே புரியாமல் போய்விடும்.

நீங்கள் கேட்டது கிஷ்டான்சல். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பாடுவது, ஷ்னாடஹூப்ஃபல் என்றும் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தின் அப்பன்செல் பகுதியில் இதற்கு ராட்ஸ்லீட்லி என்று ஒரு பங்காளி உண்டு. ஆல்ப்ஸ் என்றதும் பனிமலை உச்சியில் யோடல் பாடும் ஆள்தான் நம் நினைவுக்கு வருகிறார், ஆனால் இந்தக் கேலிப் பாட்டு மலையைவிட்டு இறங்கி, நீங்கள் போன கீழ் பவேரியச் சமவெளியிலும் ஆஸ்திரியாவின் இன்ஃபீர்டல் வயற்காடுகளிலும் நன்றாகவே வேர்பிடித்திருக்கிறது. தொப்பிக்காரருக்கு ஹோக்சைட்ஸ்லாடர் என்று பெயர். ரிப்பன் கட்டிய கோலோடு வீடு வீடாகப் போய்க் கல்யாணத்துக்கு அழைப்பவர் அவர். அன்றைக்குச் சடங்குகளை வரிசையாக நடத்திவைப்பவரும் அவரே, சாயங்காலம் எல்லாருடைய மானத்தையும் வாங்குபவரும் அவரே.

அங்கேயே கட்டுவதா என்றால், பாதி. மெட்டு ஏற்கனவே இருக்கிறது: மூன்று தட்டுத் தாளம், அது எட்டு முறை சுற்றும், துணைக்கு இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), பத்துப் பன்னிரண்டு நொடியில் ஒரு பாட்டு முடிந்துவிடும். விஷயமும் ஓரளவு கையில் இருக்கும், அழைக்கப் போன வீடுகளிலும் மணப்பெண்ணின் தோழிகளிடமும் யார் எங்கே வழுக்கி விழுந்தார், யார் எந்த வண்டியை எங்கே இடித்தார் என்றெல்லாம் விசாரித்து வைத்திருப்பார். மிச்சம்தான் அந்த நிமிஷத்தில் பிறப்பது, உங்கள் மிளகாய்த்தூள் மாதிரி. அதை யாரும் முன்கூட்டியே எழுதிவைத்திருக்க முடியாது இல்லையா!

கட்டும் விதத்தில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவது வரியும் நாலாவது வரியும் ஒலியில் இயைந்தால் போதும். தமிழில் நானே ஒன்று கட்டிப் பார்த்தேன்:

மேட்டு மேல மேயுது மாடு,
கழுத்துல மணி ஆடுது பாரு,
மாமா ஞாயிறு சர்ச்சுக்குப் போனா
பீர்க்கடை வாசல்ல நிக்குது காரு!

மாட்டுக்கும் மாமாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மனதில் முதலில் விழுந்தது காரு, அதற்கு ஒரு பாரு வேண்டியிருந்தது, அதற்காக மாட்டைக் கொண்டுவந்தேன். பழைய கிஷ்டான்சல்களில் பாதி இப்படித்தான் மலை, மாடு, காடு என்று அப்பாவியாகத் தொடங்கும். பாடுபவருக்கு அது மூச்சு விடும் இடம், கேட்பவருக்கு அது பொறி. ஒரு பாட்டு முடிந்து கூடமே பல்லவியை வாங்கிப் பாடுகிறதே, அல்லது வாத்தியம் இரண்டு சுற்று அடிக்கிறதே, அதுவும் கொண்டாட்டத்துக்கு மட்டும் இல்லை, அடுத்த பாட்டுக்கான அவகாசம் அது.

கோபம் வராதா என்று கேட்டீர்கள். வரும், வந்திருக்கிறது. இன்ஃபீர்டலில் கல்யாணமாகாத இளைஞர்கள் ஊர் ஊராக ‘ட்ஸெஹே’ என்ற குழுக்களாக இருப்பார்கள். லாண்ட்லர் நடனத்தின் நடுவே ஒன்றுகூடி நின்று கிஷ்டான்சல் பாடுவார்கள், பக்கத்து ஊர்க் குழுவை வம்புக்கு இழுப்பார்கள். அந்தக் காலத்தில் பாட்டில் தொடங்கிய இரவுகள் அடிதடியில் முடிந்ததும் உண்டு. ஆகவே இவர்கள் பெரிய மனதுக்காரர்கள், எதையும் சிரித்தே கடந்துவிடுவார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.

ஆனால் சண்டையே வந்தாலும் யார் பாடினார் என்பது எல்லாருக்கும் தெரியும், பதிலுக்கு நீயும் பாடலாம். என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது, நகைச்சுவை எல்லாம் அதற்கு அப்புறம்தான். எதிர் உதாரணமும் அதே பவேரியாவிலேயே இருக்கிறது. டேகர்ன்ஸே, மீஸ்பாக் பக்கத்து மலையடிவாரத்தில் ஹாபர்ஃபெல்ட்ட்ரைபன் என்று ஒன்று நடந்தது. முகத்தில் கரி பூசிய ஆட்கள் ராத்திரியில் கூடி, சட்டி பானை தட்டி, துப்பாக்கி வெடித்து, ஊரில் ஒருவருடைய ஒழுக்கக் குறைகளைப் பாட்டு வரிகளாக உரக்கப் படிப்பார்கள். உண்டர்ஸ்பெர்க் மலைக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் பேரரசர் சார்லமேனின் பெயரால் தீர்ப்பு சொல்வதாக வேறு பாவனை. 1893இல் மீஸ்பாக்கில் பெரிய அளவில் நடந்தது, பிறகு அரசு வழக்குகள் போட்டு அடக்கியது. அங்கேயும் எதுகை உண்டு, சிரிப்பும் உண்டு. ஆனால் வீட்டுக்குள் பயந்து உட்கார்ந்திருப்பவர் யாரைப் பார்த்துப் பதில் பாடுவார்? அதைக் கலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ‘மக்கள் நீதி’ என்று சிலாகிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இப்போது உங்களுக்கு வருகிறேன். அவர் பாடியது நீங்கள் செய்ததை, நீங்கள் யார் என்பதை இல்லை. மேயர் எப்படிச் சிக்கினாரோ அப்படித்தான் நீங்களும் சிக்கியிருக்கிறீர்கள். மியூனிக்கில் நோக்கர்பெர்க்கில் தவக்காலத்து ஸ்ட்ராங் பீர் விழாவில் அரசியல்வாதிகளை உட்காரவைத்து வறுத்தெடுப்பார்களே, டிவியில் பார்த்திருப்பீர்கள், அங்கே வறுபடாமல் போவதுதான் அவமானம் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் கணக்கில் உங்களை விருந்தாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் உங்கள் நெருடலை நான் தள்ளிவிட மாட்டேன். மாமாவுக்கு அந்த வட்டார மொழி தெரியும், திருப்பி ஒரு வரி வீச முடியும், உங்களால் முடியவில்லை. ஒருவேளை மிளகாய்த்தூளுக்குப் பதில் உங்கள் நிறத்தைப் பாடியிருந்தால் நான் இவ்வளவு பொறுமையாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அடுத்த முறை நாலு வரி தயார் செய்துகொண்டு போங்கள். ஜெர்மன் வராவிட்டால் தமிழிலேயே பாடுங்கள், மெட்டு தாங்கும். அவர் தொப்பியைப் பற்றிப் பாடினால் கை காட்டினாலே புரிந்துவிடும்.

புத்தகத்தில் தேடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே ஃப்ரான்ஸ் ஃபான் கோபெல் என்ற கனிமவியல் பேராசிரியர் வட்டார மொழியில் இதை அச்சுக்குக் கொண்டுவந்தார், நல்ல காரியம்தான். ஆனால் அச்சில் படித்தால் நேற்றைய இட்லி மாதிரி இருக்கிறது. ரோய்டர் யாக்கலைக் கேளுங்கள் (1906–1975). நீங்கள் போன லாண்ட்ஸ்ஹூட் பக்கத்து ஆள்தான், வேலை வனத்துறையில், வானொலியில் அரசியல்வாதிகளைப் பாடிப் பாடியே பெயர் வாங்கினார். மியூனிக் விக்டுவாலியன்மார்க்ட் சந்தையில் அவர் பெயரில் ஒரு நீரூற்று இருக்கிறது, காய்கறி வாங்கப் போகும்போது பாருங்கள். ஒலிப்பதிவில் அவர் சீண்டும் மந்திரிகளின் பெயர் நமக்குத் தெரியாது, பரவாயில்லை. கூட்டம் எங்கே சிரிக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். நாலாவது வரி முடிவதற்குள்ளேயே சிரிப்பு கிளம்பிவிடும். இரண்டாவது வரியின் ஒலியை வைத்து, அடுத்து என்ன சொல் விழப்போகிறது என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டிருப்பார்கள்.