ஒளி பட்டால் இணையும் புடகங்கள்: கேள்வி பதில்

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: இரண்டு இலிப்பிட்டுப் புடகங்கள் முட்டிக்கொண்டால் தாமாக இணையாதா? ஒளி எதற்கு?

இணையாது தங்கச்சி. இலிப்பிட்டு என்ற கொழுப்பு மூலக்கூறுகளின் இரண்டு படலங்கள் சேர்ந்த சவ்வால் ஆன நுண்பைதான் புடகம். இலிப்பிட்டுத் தலைகள் நீரை இறுகப் பிடித்து வைத்திருக்கும். இடைவெளி 2, 3 நனோமீற்றருக்குக் குறைந்ததும் அந்த நீரே தள்ளிவிடும். நரம்புக் கலங்களில் ஸ்னேர் புரதங்கள் சிப் மாதிரி ஒன்றோடொன்று பூட்டி இரு மென்சவ்வையும் நெருக்குகின்றன. கலத்துக்குள் புடகப் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்று கண்டதற்காகத்தான் ரொத்மன், ஷெக்மன், சூடோஃப் மூவருக்கும் 2013இல் நோபல் கிடைத்தது.

ஆய்வுகூடத்தில் ஸ்னேருக்குப் பதிலாக, தம்முள் முறுக்கிக்கொள்ளும் இரண்டு சிறு பெப்ரைட்டுகளை (குட்டையான புரதத் துண்டுகளை) பொருத்தலாம். நெதர்லாந்தின் லைடன் குழு அவற்றைப் பொலிஎதிலீன் கிளைக்கோல் இழைகளால் மறைத்தது. இழையைச் சவ்வின் இலிப்பிட்டோடு பிடித்திருக்கும் பிணைப்பு யூவீ (புறஊதா) ஒளியில் அறும். இழை கழன்றதும் பெப்ரைட்டுகள் சந்திக்கும். ஒன்றில் டிஎன்ஏ, மற்றதில் புரதம் கட்டும் ரைபோசோம் வைத்தால், புரத உற்பத்தி எப்போது தொடங்க வேண்டும் என்பது உங்கள் கையில்.

தெஹிவளை: இது உயிரா?

இல்லை.

பம்பலப்பிட்டி, பள்ளி விஞ்ஞானக் கழகம்: நகப்பூச்சு லாம்பை வைத்துச் செய்யலாமா சேர்?

அலைநீளம் சரியாக இருக்கலாம், ஆனால் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்த முடியாது. ஒளியில் அறும் இலிப்பிட்டு இல்லாமல் லாம்பால் பயனும் இல்லை. முதலில் புடகம் செய்து பழகுங்கள். உள்ளே சுக்குரோசு, வெளியே அதே செறிவில் குளுக்கோசு. பாரம் கூடிய புடகங்கள் அடியில் படியும், தேடுவது லேசு. அப்புறம், காலி வீதி வெயில் விழும் ஜன்னலோரம் மாதிரியை வைக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி, பிணைப்பை அறுக்கும் 365 நனோமீற்றர் ஒளியில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

கொட்டாஞ்சேனை, எம்எஸ்சி மாணவர்: ஒரு புடகத்தின் சவ்வுக்கு மட்டும் சிவப்புச் சாயம் இட்டேன். ஒளி பட்டதும் சாயம் மற்றதற்கும் பரவியது. இணைந்துவிட்டதுதானே?

உள்ளடக்கம் கலந்ததா? வெளிப்படலங்கள் மட்டும் ஒட்டி, உட்படலங்கள் பிரிந்தே நின்றாலும் சாயம் பரவும். அது அரை இணைவு.

வத்தளை: இதற்கு உயிர் உண்டா?

தெஹிவளைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மீண்டும் கொட்டாஞ்சேனை: சாயப் பரவலை இணைவு என்றே பல கட்டுரைகள் எழுதுகின்றனவே?

எழுதட்டும் தம்பி. நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு புடகத்துக்குள் டெர்பியம் என்ற உலோகம், மற்றதற்குள் டைபிக்கோலினிக் அமிலம் வையுங்கள். இரண்டும் சந்தித்தால்தான் பச்சையாக ஒளிரும். வெளியே ஈடீடீஏ போடுங்கள். வெடித்துக் கசிந்த டெர்பியத்தை அது பிடித்துக்கொள்ளும், பொய் ஒளிர்வு வராது.

கொள்ளுப்பிட்டி, மருத்துவர்: புற்றுநோய் மருந்தைக் கலத்துக்குள் செலுத்த உதவுமா?

யூவீ தோலைத் தாண்டி ஆழம் போகாது ஐயா. மருந்து விநியோகம் என் துறையும் இல்லை.

மூன்றாம் முறை கொட்டாஞ்சேனை: படம் அனுப்பட்டுமா?

படம் வேண்டாம். டெர்பியம் ஒளிர்வு நேரத்தோடு மாறும் வளைகோட்டை அனுப்புங்கள், லாம்ப் போடாத மாதிரியின் கோட்டோடு சேர்த்து. நுணுக்குக்காட்டியின் நீல ஒளி மட்டும் பட்ட மாதிரியின் கோடும் வேண்டும்.