புகை வாசம் எங்கிருந்து வந்தது? கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளில் 27 வருடம் டீமேக்கராக இருந்தவன். ஒரு கோளாறின் மூலத்தை ஆட்கள் கூடி உட்கார்ந்து கண்டுபிடிப்பது பற்றிக் கேளுங்கள். இலை விலை பற்றி வேண்டாம்.

குன்னூர்: 'ஏன்' என்று 5 முறை கேட்கச் சொல்கிறார்களே, கட்டாயம் 5 தானா?

இல்லை. டொயோட்டா கார் கம்பெனியில் டைச்சி ஓனோ என்ற எஞ்சினியர் பரப்பிய பழக்கம் அது. மூன்றிலும் முடியும், எட்டும் ஆகும். நம் கையால் மாற்றக்கூடிய ஒன்று வரும்வரை கேளுங்கள்.

கோத்தகிரி: எங்கள் தூளில் புகை வாசம் என்று புகார். கூடிப் பேசினால் சண்டையில்தான் முடிகிறது.

'யார்' என்று ஆரம்பித்திருப்பீர்கள். அந்த வார்த்தை வந்ததும் ஆளாளுக்குத் தன் தலையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள்.

நான் இருந்த ஒரு ஃபேக்டரியிலும் இதே புகார். பழி முதலில் தூளை உலர்த்தும் ட்ரையர்காரர் மேல், அப்புறம் ஈர விறகு மேல். ஆளை ஷிஃப்ட் மாற்றினோம், காய்ந்த விறகு வாங்கினோம். வாசம் குறைந்தது, போகவில்லை. பிறகுதான் ஆபீஸ் அறையை விட்டு எல்லோரும் அடுப்படிக்குப் போய் நின்றோம். அடுப்புக் குழாயில் விரிசல். சூடான காற்றோடு புகையும் ட்ரையருக்குள் போகிறது. குழாயை மாற்றினோம், இரண்டே மாதத்தில் மறுபடி விரிசல். ஏன்? கரண்ட் போனால் ஃபேன் நிற்கிறது, விறகு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. காற்று ஓடாத குழாய் சிவக்கச் சிவக்கக் காய்கிறது. ஜெனரேட்டர் இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் முதல் லைன் இலையை அரைக்கும் சிடிசி மெஷினுக்கு, ஃபேனுக்குக் கடைசியில்தான். அது ஏன்? ராத்திரி ரிப்போர்ட்டில் எத்தனை கிலோ அரைத்தது என்றுதான் கேட்பார்கள், குழாயைக் கேட்கமாட்டார்கள்.

அடுப்புக்காரருக்கு இது முதலிலிருந்தே தெரியும். எல்லாக் கூட்டத்திலும் கதவோரம் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். நாங்கள் ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. கடைசியில் செய்தது ஒன்றுதான்: 'முதலில் ஃபேன்' என்று எழுதி ஜெனரேட்டர் போர்டில் ஒட்டினோம்.

கூடலூர்: ஜப்பான்காரர் இஷிகாவாவின் மீன்முள் படம் போட்டோம், கோளாறு தலை, காரணம் ஒவ்வொன்றும் ஒரு முள். 26 காரணம் வந்துவிட்டது. இனி?

படம் விடை இல்லை, சந்தேகப் பட்டியல். ஒவ்வொரு முள்ளையும் கேளுங்கள்: கோளாறு இல்லாத நாளிலும் இது இருந்ததா? இருந்தால் அது தனியாகக் காரணமாக முடியாது, ஓரமாக வையுங்கள். மிச்சத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஓட்டெடுப்பு மட்டும் வேண்டாம்.

மசினகுடி: ஹோம்ஸ்டேயில் தண்ணீர் வரவில்லை. குழு போடலாமா?

பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

குன்னூர், வேறொருவர்: முதலாளி உட்கார்ந்தால் யாரும் வாய் திறப்பதில்லை.

அவரைக் கடைசியில் வரச் சொல்லுங்கள். முடியாதென்றால் வயதில் சின்னவர் முதலில் பேசட்டும். 'யார்' வேண்டாம், மறுபடி சொல்கிறேன்.

கட்டபெட்டு, சிறு விவசாயி: இவ்வளவும் பேசிவிட்டு எல்லா ஃபேக்டரியும் 'இலை சரியில்லை' என்றுதானே முடிக்கிறது?

முற்றின இலையில் நார் அதிகம், தூள் கெடும். அது உண்மைதானே அய்யா?

கட்டபெட்டு: உண்மைதான். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பறிக்க ஆள் எங்கே? நல்ல இலைக்கும் முத்தலுக்கும் ஒரே விலை. நான் எதற்குப் பொறுக்கிப் பறிக்க?

இலை ஏஜென்ட் ஒருவர்: சாக்கில் அமுக்கிக் கட்டுவதும் நீங்கள்தானே? லாரியில் வரும்போதே உள்ளே சூடாகிச் சிவந்துவிடுகிறது.

கட்டபெட்டு: லாரி மத்தியானம் வருவதாகச் சொல்லி இருட்டின பிறகு வந்தால்?

இருவரும் பொறுங்கள். 'யார்' உள்ளே வந்துவிட்டது பாருங்கள். ஆனால் அய்யா கேட்டது சரியான 'ஏன்'. பாதிக் காரணம் ஃபேக்டரி வாசலுக்கு வெளியே இருக்கிறது, அங்கிருப்பவர்களை நாங்கள் கூட்டத்துக்கே கூப்பிட்டதில்லை. எடைபோடும் இடத்தில் ஒரு கைப்பிடி இலை எடுத்து, நல்லது எவ்வளவு, முத்தல் எவ்வளவு என்று கண்ணெதிரே பிரித்துக் காட்டலாம். லாரி வந்த நேரத்தையும் அதே சீட்டில் எழுதலாம்.

ஊட்டி: 'ஏன்' எத்தனை முறை கேட்க வேண்டும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கட்டபெட்டு: பிரிக்கும்போது பக்கத்தில் என்னை நிற்க விடுவார்களா?

விடவேண்டும். நான் இருந்த காலத்தில் விட்டதில்லை, தப்புதான்.