மலைக்கிராமங்களுக்கு ரோப்கார் உதவுமா? சரக்குக்கு உதவும்

சாலை போட முடியாத மலைக்கிராமங்களுக்கு ரோப்கார் நீடித்த போக்குவரத்தாக அமையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் தலைச்சுமையைப் பார்த்து வளர்ந்தவராகவே இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். ஆட்களை ஏற்றும் எண்ணத்தை ஒதுக்கிவைத்து, சரக்குக்கு மட்டும் கம்பி கட்டினால் நிச்சயம் உதவும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் எங்கள் சிறு காபித் தோட்டம், வண்டிப்பாதைக்கு மேலே செங்குத்தான சரிவில் இருக்கிறது. ஒரு கிலோ காபிக்கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் பறிக்க வேண்டும். தோல் நீக்க வேண்டிய பழத்தை அன்றைக்கே கொண்டுசேர்க்காவிட்டால் புளித்துவிடும். அதனால் மார்கழி, தை மாதங்களில் அப்பாவும் சித்தப்பாவும் ஈரமூட்டைகளைத் தலையில் வைத்து மாலை முழுவதும் இறங்கி ஏறுவார்கள். கல்லூரியில் படித்த திமிரில் ஒருமுறை நானே எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டி, கப்பியில் முதல் மூட்டையைத் தொங்கவிட்டேன். தடுத்து நிறுத்த ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. போன வேகத்தில் மூட்டை கீழேயிருந்த பலாமரத்தில் மோதிக் கிழிந்தது. இருட்டும்வரை குடும்பமே பழம் பொறுக்கியது. "மரமா இருந்துச்சு, ஆளா இருந்திருந்தா என்னடா பண்ணுவ?" என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

நேபாள மலைக்கிராமங்களில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இரண்டு கம்பிகளில் இரண்டு தொட்டிகள். இரண்டையும் இணைக்கும் கயிறு மேலேயுள்ள சக்கரத்தைச் சுற்றி வருகிறது, அச்சக்கரத்தில் பிரேக் இருக்கிறது. இறங்கும் சுமை ஏறும் சுமையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தால் மின்சாரமும் வேண்டாம், டீசலும் வேண்டாம். எங்கள் மலையில் இறங்குவது காபியும் பலாவும், ஏறுவது அரிசியும் உரமும் என்பதால் கணக்கு ஒத்துவருகிறது. நமக்கும் இது புதிதன்று: மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்குக் கம்பிவழியே இறங்கித்தான் போடிக்குச் சென்றன.

"நோயாளியை என்ன செய்வீர்கள்?" என்று சிலர் சண்டைக்கு வரக்கூடும். சாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரக்குத் தொட்டியில் ஆளை ஏற்றவே கூடாது. பழனியில் 2004 முதல் ஓடும் ரோப்காரையே பராமரிப்புக்காக மாதந்தோறும் ஒருநாள் நிறுத்துகிறார்கள். நாற்பது வீட்டு ஊரில் அந்த வேலையை யார் பார்ப்பது? ஆனால் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றதையும் அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

என் ஆற்றாமை வேறு. ஏற்காட்டில் ரோப்கார் என்று வாயெடுத்தாலே பேச்சு சுற்றுலாப் பயணிகளிடம் போய்விடுகிறது. மூட்டை சுமப்பவனின் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை.

எங்கள் கம்பிக்கு இப்போது பிரேக் இருக்கிறது, காபியும் பலாவும் அதில்தான் இறங்குகின்றன. மிளகு மூட்டையை மட்டும் அப்பா இன்றும் தலையில் வைத்தே இறக்குகிறார்.