அப்பா வேறு, தாத்தா வேறு... எதை எழுதுவது?

கேள்வி: என் அப்பா 93 வயதில் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. வருடம் முடிவதற்குள் அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டுக் குடும்பத்துக்குள் கொடுக்க நினைக்கிறோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அப்பா வகித்த பதவி, கட்டிய வீடு, செய்த உதவி, இவை போதும் என்கிறார் அண்ணன். என் மகளுக்குத் தாத்தா என்றால் சிரிப்பும் கதையும்தான். எனக்கு நினைவிருப்பதோ கண்டிப்பான அப்பா. மதிப்பெண் குறைந்தால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவருடைய பாக்கெட் டைரியை நாங்கள் தொட்டால் வீடே அதிரும். பின்னாளில் அதே மாதிரி டைரியில் என் மகள் பூனை வரைந்து வைத்தபோது விழுந்து விழுந்து சிரித்தார். பெற்ற மகள் மீதே பொறாமை வருகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. கண்ணை மூடினால் கடைசி ஆறு மாதம் படுக்கையில் கிடந்தவர்தான் தெரிகிறார். ‘வாழ்ந்து முடித்தவர்தானே, இன்னும் ஏன் அழுகை’ என்கிறார்கள். நான் எந்த அப்பாவை எழுதட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த அழுகை. வயதாகிப் போனவர் என்பதால் துக்கம் குறைவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிறந்த நாளிலிருந்து அப்பா இல்லாத உலகத்தை நீங்கள் பார்த்ததே கிடையாது. எட்டு மாதத்தில் அது எப்படிப் பழகும்? சாப்பாடு, தூக்கம், அன்றாட வேலை எல்லாமே தடுமாறுகிறது என்றால் தயங்காமல் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். நினைத்தால் கண் கலங்குகிறது, மற்றபடி நாள் ஓடுகிறது என்றால் அழுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இறந்தவரிடமிருந்து மனதை விலக்கிக்கொண்டால்தான் துக்கம் ஆறும் என்று உளவியலில் நெடுங்காலம் ஒரு கருத்து இருந்தது. 1917இல் ஃப்ராய்டு எழுதிய ஒரு கட்டுரையில் அதற்கு வேர் உண்டு. 1996இல் துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த டென்னிஸ் கிளாஸும் அவருடைய சகாக்களும் தொகுத்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொன்னன: போனவரோடு உறவு தொடர்வது இயல்பானது, அதன் வடிவம்தான் மாறுகிறது. அதனால் இந்தப் புத்தக வேலை உங்களைத் துக்கத்திலேயே கட்டிப்போட்டுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. எல்லா அப்பாவையும் எழுதுங்கள். ஆனால் எல்லோரையும் கலந்து ஒரே மனிதராக ஆக்கிவிடாதீர்கள். 40 வயதில் இருந்தவரும் 75 வயதில் இருந்தவரும் ஒரே மாதிரி இருந்திருக்க முடியாது. நீண்ட ஆயுளின் அழகே அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வயதானவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயதுக்குள் நடந்தவையே அதிகம் வருகின்றன. நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம் இது. முதுமையில் பழங்கதை பேசுவது பிதற்றல் அல்ல, வாழ்ந்த வாழ்க்கையை மனம் சீர்தூக்கிப் பார்க்கும் வேலை என்று 1963இலேயே எழுதினார் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். இதை உங்கள் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். நீங்கள் சிறுமியாக இருந்தபோது அப்பாவுக்கு வேலை, பொறுப்பு, நாளைய கவலை. திரும்பிப் பார்க்கும் வயது அது இல்லை. திரும்பிப் பார்க்கத் தொடங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் உங்கள் மகள். ஆகவே அவர் சிறுவனாக இருந்த காலத்தைப் பற்றி உங்களைவிட அவளுக்கு அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. அவளிடம் ‘தாத்தா எப்படிப்பட்டவர்’ என்று கேட்காதீர்கள். தாத்தா சொன்ன சின்ன வயசுக் கதைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். பொறாமைப்படும் இடத்திலிருந்தே உங்களுக்குத் தெரியாத அப்பா கிடைப்பார்.

பொறாமைக்காக வெட்கப்படவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியிருந்த ஒன்று கண்ணெதிரே இன்னொருவருக்குக் கிடைத்தது. அது மகளாகவே இருந்தாலும் வலிக்கத்தான் செய்யும்.

மகள் பூனை வரைந்த அந்த டைரி பத்திரமாக இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அப்படியே அச்சிடுங்கள். அவருடைய கையெழுத்தில் கணக்கு, நடுவில் பூனை. கீழே இரண்டு வரி போதும்: இதே மாதிரி டைரியை நாங்கள் தொட முடியாது, இதை வரைந்தபோது அவளுக்கு இத்தனை வயது, தாத்தாவுக்கு இத்தனை. ‘எங்களுக்குக் கொடுக்காததைப் பேத்திக்குக் கொடுத்து ஈடுகட்டினார்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை; அவர் மனதில் இருந்ததை நாமாக இட்டுக்கட்டக் கூடாது.

இரண்டு நாள் பேசாமல் இருந்ததையும் எழுதத்தான் வேண்டும். புகார் மாதிரி வேண்டாம், நடந்தது நடந்தபடி. அந்த இரண்டு நாளும் சாப்பிட உட்கார்ந்தபோது எப்படி இருந்தது, மூன்றாம் நாள் அவர் பேசிய முதல் வார்த்தை என்ன? அது நினைவிருந்தால் அந்த ஒரு வார்த்தைக்காகவே உங்கள் பகுதியை நான் படிப்பேன். குறையே இல்லாதவராக எழுதப்பட்ட ஒருவரை, அவரைப் பார்த்திராத கொள்ளுப்பேரன் எப்படி அடையாளம் காண்பான்?

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பதவியும் வீடும் அவர் உழைப்பு. அவை இல்லாமல் புத்தகம் முழுமையாகாது. அந்தப் பகுதியை அண்ணன் பெயரிலேயே அண்ணனே எழுதட்டும். ஒரு நிபந்தனை: எல்லோரும் கூடிப் பேசுவதற்கு முன், ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிவிடுங்கள். கூடிப் பேசினால் ஒருவர் சொன்னது மற்றவர் நினைவில் கலந்துவிடும், கடைசியில் யார் உறுதியாகப் பேசினாரோ அவருடைய அப்பாதான் மிஞ்சுவார்.

கடைசி ஆறு மாதத்துக்கு ஒரு வழி. நீளமான தாளில் பிறந்த வருடத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, பத்துப் பத்து வருடமாகப் பிரியுங்கள். 93 வருடம் என்றால் 1,116 மாதம். படுக்கையில் போனது அதில் ஆறு. அதற்கு அந்தக் கோட்டில் எவ்வளவு இடமோ அவ்வளவே புத்தகத்திலும் கொடுங்கள். மற்ற இடங்களை நிரப்பும்போதுதான் எங்கே வெற்றிடம் என்று தெரியும். பெரும்பாலும் 20 வயதுக்கு முந்தையது காலியாக இருக்கும்.

அதை நிரப்பக்கூடியவர்கள் அவர் வயதை ஒட்டியவர்கள். அத்தையோ, உடன் வேலை பார்த்தவரோ யாராவது இருந்தால் இந்த வாரமே பேசுங்கள். மற்ற எல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. ‘அப்பா சின்ன வயதில் யாருக்குப் பயப்படுவார்?’, ‘எதைத் தொலைத்துவிட்டு அடி வாங்கினார்?’ என்று ஒரு காட்சி வருகிற மாதிரிக் கேளுங்கள். சாமானியர்களின் உரையாடல்களைப் பதிவுசெய்ய 2003இல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பு, ஓர் உரையாடலுக்கு 40 நிமிடம் என்று வைத்திருக்கிறது. முதியவர்களிடம் அதற்கு மேல் வேண்டாம். இன்னொரு நாள் மறுபடி பேசலாம்.

வாட்ஸ்அப்பில் அப்பாவின் குரல் பதிவு ஏதாவது இருந்தால், யாரும் ஃபோனை மாற்றுவதற்குள் எடுத்துச் சேமியுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். பழைய புகைப்படங்களின் பின்னால் ஓரமாக மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள். பேனா மை படத்துக்குள் ஊறும். பசைப் பக்கம் வைத்த ஆல்பத்தில் இருப்பவற்றை, பிய்க்காமல் முதலில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் அண்ணனிடம் ஒரு பிரதி கொடுங்கள். அந்த இரண்டு நாள் மௌனத்தை எடுத்துவிடச் சொன்னால் வாதாட வேண்டாம். ‘உன்னிடமும் அப்பா அப்படி இருந்திருக்கிறாரா?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதையும் எழுதி, அவர் சம்மதித்தால் உங்களுடையதற்குப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.