பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? புதுசு வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன்தான் காருக்குப் புது பேட்டரி போட்டேன். தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை. இரண்டு நாள் நிறுத்திவிட்டால் செல்ஃப் எடுப்பதில்லை, டக் டக் என்று சத்தம் மட்டும்தான். ஜம்பர் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. வாங்கிய கடையில் சார்ஜ் ஏற்றிப் பார்த்து "பேட்டரி நன்றாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மெக்கானிக்கோ இன்னும் பெரிய பேட்டரியாக மாற்றச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கரண்ட் எங்கேயோ கசிகிறது என்றால் பெரிய பேட்டரி இரண்டு நாளில் இறங்குவதற்குப் பதில் மூன்று நாளில் இறங்கும், அவ்வளவுதான், உங்கள் பணம் போனதுதான் மிச்சம்.

பேட்டரி இறங்குவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். பேட்டரியே சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் ஏற்றவில்லை, அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. தினமும் ஓட்டினால் சரியாக இருக்கிறது, நிறுத்தி வைத்தால் இறங்குகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு மூன்றாவதன் மேல்தான் சந்தேகம். ஆனால் சந்தேகத்தை வைத்துச் செலவு செய்யக் கூடாது, அளந்து பார்த்துவிடுங்கள். வோல்டேஜையும் கரண்டையும் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும், புது பேட்டரியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

முதலில் பேட்டரி டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். லூசாக இருந்தாலோ, வெள்ளையாகப் பூத்திருந்தாலோ சுத்தம் செய்து இறுக்குங்கள், சில நேரம் கதை இதோடு முடிந்துவிடும். அப்புறம் வண்டியை நன்றாக ஓட்டி நிறுத்தி, இரவு முழுக்க விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் வோல்டேஜ் பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜால் அதிகமாகக் காட்டும், அதை நம்பாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், ஆனால் இறங்கிய பேட்டரி எதுவுமே அப்படித்தான் விழும் என்பதால் முழு சார்ஜில் இருக்கும்போது மட்டும் இதைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம். புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும், அதனால் ஒரு தடவை குறைவாகக் காட்டியதும் பதற வேண்டாம்.

சரி, இனி கசிவு. சாவியை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். பானட்டையும் கதவையும் திறந்து வைத்து, அவற்றின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி விடுங்கள், வண்டி எல்லாம் மூடியிருப்பதாக நினைக்கும். நெகடிவ் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் இடத்தில் வைத்து இணையுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். முதலில் அதிகமாகத்தான் காட்டும், வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணியோ ஒரு மணியோ ஆகும். பொறுமையில்லாமல் இங்கேதான் நிறைய பேர் தப்பான முடிவுக்கு வருகிறார்கள். அதற்குப் பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி, ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது) போகும், நல்ல பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும். அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 போகிறது, இரண்டு நாளில் 24. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் காலி, உங்கள் வண்டி செய்வதும் அதுதானே?

அதிகமாகக் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் ஆள் இருக்கிறான். டிக்கி மூடிய பிறகும் அணையாத 5 வாட் பல்பு ஒன்றே 0.4 ஆம்பியர் குடிக்கும். வெளியில் மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபயர், அணையாமல் ஒட்டிக்கொண்ட ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), இவற்றை முதலில் பாருங்கள். எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரில் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது பழுதானால் ஓடும்போது சார்ஜ் ஏறுவது போலவே இருக்கும், நின்றதும் அந்த வழியாகவே இறங்கும்.

வாரண்டியைப் பொறுத்தவரை கடை சொன்னது அன்றைக்கு உண்மையாக இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை முழுதாக இறங்கும்போதும் பேட்டரியின் ஆயுள் குறைகிறது. கசிவைச் சரிசெய்துவிட்டு, சார்ஜரில் முழுதாக ஏற்றி, மறுபடி சோதிக்கச் சொல்லி முடிவை எழுதி வாங்குங்கள். அப்போதும் தேறவில்லை என்றால் வாரண்டியை விடாமல் கேளுங்கள்.

கேள்வி: வண்டியை அதிகம் எடுப்பதில்லை. தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் பேட்டரி இறங்காதா?

பதில்: அதனால் பெரிய பலன் இல்லை. ஸ்டார்ட் செய்யச் செலவானதே முழுசாகத் திரும்பி வந்திருக்காது, பெட்ரோலும் வீண். வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். அதுவும் முடியாது என்றால் முழு சார்ஜ் ஆனதும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் ஒன்று வாங்குங்கள், வாங்கும்போது உங்கள் பேட்டரி வகைக்கு அது பொருந்துமா என்று பெட்டியிலேயே பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி என்ற தனி வகை பேட்டரி இருக்கும்.