ஐந்து முறை படித்த பாடம்

அன்புள்ள ஐயா,

பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஸ்டடி லீவில் வீட்டில் இருக்கிறேன். தேர்வுக்கு இன்னும் 18 நாட்கள். வீட்டில் இருப்பது ஒரே கூடம். டிவி ஓடிக்கொண்டிருக்கும், அரை மணிக்கொரு முறை அம்மா வேலைக்குக் கூப்பிடுவார். கரிம வேதியியலை ஐந்து முறை படித்துவிட்டேன். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துவிடுகிறது. படிப்பதற்கு விடியற்காலை 4 மணி நல்லதா, இரவு நல்லதா? நல்ல செயலி ஏதேனும் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செயலிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். என் கண் போய் நின்ற இடம் 'ஐந்து முறை' என்ற சொல்தான்.

ஐந்து முறையும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதானே படித்தீர்கள்? இரண்டாம் முறையிலேயே எல்லா வரியும் பழகிய முகமாகிவிடும். எதிர்வீட்டுக்காரரைத் தினமும் பார்க்கிறோம் என்பதற்காக அவர் முகத்தைத் தாளில் வரைந்துவிட முடியுமா? தேர்வறையில் வரையத்தான் சொல்கிறார்கள். ஐந்து முறை ஏமாந்த பிறகும், ஆறாம் முறை ஏமாறுவதற்கு நல்ல நேரம் கேட்கிறீர்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இரு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பத்தியை மீண்டும் படித்தார்கள். மறு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்குப் பத்தியில் 81 விழுக்காடு நினைவில் இருந்தது, மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ படித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட, எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள். உங்களை ஏமாற்றுவது அந்த முதல் ஐந்து நிமிடம்தான். நம் பவணந்தியும் நன்னூல் பாயிரத்தில் மாணவன் பயிலும் முறையைச் சொல்லும்போது 'கேட்டவை நினைத்தல்' என்பதைத் தனியாக எடுத்துச் சொல்கிறார். கேட்பது வேறு, நினைப்பது வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். அதில் 1989-ஆம் ஆண்டின் தினசரிக் காலண்டர் தாள்கள் ஒரு கட்டு, ரப்பர் பாண்டு இளகி ஒட்டிப்போய்க் கிடந்தன. எனக்கும் அதே கரிம வேதியியலில்தான் அரியர் விழுந்தது. நோட்டு வாங்கக் காசு கேட்கும் துணிச்சல் இல்லாததால், அன்றன்று கிழித்த தாளின் பின்புறத்தில் ஒரு கேள்விக்கு விடையைப் பாராமல் எழுதுவேன். உள்ளங்கை அகலத் தாளில் விடையின் எலும்பு மட்டும்தான் அடங்கும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்ப்பேன். முன்புறம் தேதி இருந்ததால், மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அந்தத் தாளைத் தேடி எடுத்து, கேள்வியை மட்டும் பார்த்து மறுபடி எழுதுவது எளிதாக இருந்தது. ஆல்டால் குறுக்கம் என்ற ஒரு வினைக்கு மட்டும் நான்கு தாள்கள் இருக்கின்றன. முதல் தாள் பாதிக்கு மேல் சிவப்பு. ஆல்ஃபா ஹைட்ரஜன் ஏன் வேண்டும் என்பதையே விட்டிருக்கிறேன். காரம் அதைப் பறித்தால்தானே வினையே தொடங்கும்! நான்காம் தாளில் ஓர் அம்புக்குறி மட்டும் சிவப்பு.

நீங்களும் நாளைக்கே ஆல்டாலில் தொடங்குங்கள். ஒரு பகுதியை ஒருமுறை கவனமாகப் படித்து, புத்தகத்தை மூடி, வினையின் படிகளை வெற்றுத் தாளில் எழுதுங்கள். வராவிட்டால் உடனே புத்தகத்தைப் புரட்டாமல் சற்று நேரம் திணறுங்கள், அந்தத் திணறல் வீண் போவதில்லை. அம்மா துணி காயப்போடக் கூப்பிட்டால் போங்கள், போகும்போது புத்தகத்தை மூடிவிட்டுப் போங்கள்; கொடியில் ஒவ்வொரு துணியாகப் போடும்போது, அதுவரை படித்ததை உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். தடுக்கிய இடம் எதுவோ, திரும்பி வந்ததும் அங்கிருந்து தொடங்குங்கள். அதற்காக எல்லாத் துணியையும் நீங்களே காயப்போட வேண்டும் என்று நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் வேறு கைகளும் இருக்கும்.

காலையா இரவா என்று கேட்டிருந்தீர்கள், இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. உங்களுக்குத் தூக்கம் வராத நேரம் எதுவோ, அது.