காற்றுக்கு எடை உண்டு என்று பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளி, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள். குச்சியின் இரு முனையிலும் ஊதிய பலூனைக் கட்டி ஒன்றைக் குத்தினேன். குச்சி சாயவே இல்லை. வேறு வழி உண்டா? காற்று இடத்தை அடைக்கும், அமுங்கும் என்பதையும் காட்ட வேண்டும்.

பதில்:

பலூனை விட்டுவிடுங்கள். படத்தில்தான் அது அழகு. பலூனுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான் நெருக்கமானது. 3 லிட்டர் பலூனில் அந்தக் கூடுதல் 0.1 கிராம் தேறினால் பெரிது. மற்றக் காற்றின் எடையை, சுற்றியுள்ள காற்று பலூனை மேலே தூக்கும் விசை சரிக்கட்டிவிடும். சில வகுப்புகளில் குச்சி சாயத்தான் செய்கிறது. பெரும்பாலும் வெடித்த ரப்பர்த் துண்டு பறந்து போனதால்!

எடைக்கு 5ஆம் எண் கால்பந்தும், கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் 1 கிராம் துல்லியத் தராசும் போதும். பந்து உருளாதபடி தராசின் மேல் ஒரு சிறு கிண்ணத்தை வைத்து 0 ஆக்குங்கள். பந்து உருண்டையாகும்வரை மட்டும் பம்பால் காற்றடியுங்கள், கட்டைவிரலால் அழுத்தினால் குழிய வேண்டும். எடையைக் குறித்துக்கொண்டு, கல்லாக இறுகும்வரை காற்றடித்து மறுபடி நிறுங்கள். 3 முதல் 5 கிராம் கூடும். காற்றை இறக்கினால் பழைய எடைக்கே திரும்பும். பிள்ளைகள் நம்புவது இதைப் பார்த்த பிறகுதான்.

சப்பையான பந்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கமான தவறு. பந்து உப்ப உப்பத் தூக்கும் விசையும் கூடுவதால், அதுவரை ஏறிய காற்றின் எடை தராசில் தெரியாது. பம்பு ஊசியை ஈரமாக்கிச் செருகினால் பந்தின் வாயைத் துடைத்துவிட்டு நிறுங்கள். திடலின் புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தால் கணக்கே வேறு.

இடத்தை அடைப்பதைக் காட்ட, பிளாஸ்டிக் கப்பின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு விரலால் மூடுங்கள். உள்ளே டிஷ்யூவைக் கசக்கி இறுக்கமாக அடைத்து, கப்பைக் கவிழ்த்து, செங்குத்தாக வாளித் தண்ணீரில் இறக்குங்கள். டிஷ்யூ நனையாது. விரலை எடுத்ததும் துளை வழியே காற்று விரலில் படும், தண்ணீர் ஏறும். சாய்த்தால் காற்று குமிழியிட்டு ஓடிவிடும். "விரலை எடுக்காமலே தண்ணி கொஞ்சம் ஏறுதே" என்று கூர்மையான பிள்ளை கேட்டால் அது சரிதான். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 10 மீட்டர் தண்ணீர்த் தூணுக்குச் சமம். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் காற்று அதில் நூற்றில் ஒரு பங்கு அமுங்கும், 12 சென்டிமீட்டர் கப்பில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்.

ஒட்டுக்கடையில் தே தாரே ஆற்றுபவர் பால் டின்னில் இரண்டு ஓட்டை போடுவதும் காற்றுக்காகத்தான். ஓர் ஓட்டை மட்டும் இருந்தால் பால் வெளியேறிய இடத்துக்குக் காற்று உள்ளே வர வழியில்லை; பால் திக்கித் திக்கி வரும்.

அமுக்கத்துக்கு ஊசியில்லாத 20 மில்லிலிட்டர் சிரிஞ்சு. காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்துத் தள்ளினால் பாதிவரை போகும் (3 கிலோவைத் தாங்கும் அளவு பலம் வேண்டும்), விட்டால் திரும்பி வரும். முழுதாகத் திரும்பாவிட்டால் ரப்பர் உரசல்தான் காரணம், விளிம்பை நனைத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரை நிரப்பித் தள்ளச் சொல்லுங்கள், நகராது. நகர்ந்தால் உள்ளே குமிழி இருக்கிறது. முனையை மேலே பிடித்துத் தட்டி வெளியேற்றுங்கள்.

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கிளாஸ். இதைக் காட்டி "ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் தண்ணீர் ஏறுகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். சுடரின் சூட்டில் விரிந்த காற்று விளிம்பு வழியே குமிழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்து மீதிக் காற்று குளிரும்போதுதான் தண்ணீர் சட்டென்று ஏறும். காற்று சூட்டில் விரியும் என்று காட்டக் கிச்சாப் (சோயா சாஸ்) போத்தல் நல்லது. காலிக் கண்ணாடிப் போத்தலின் வாயில், முன்பே பலமுறை இழுத்துத் தளர்த்திய பலூனை மாட்டி, கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் வையுங்கள். பலூன் நிமிரும், ஆனால் உருண்டையாக உப்பாது. விரிவு 50 மில்லிலிட்டர் அளவுதான். கொதிநீரை நேராக ஊற்றினால் போத்தல் விரிசல் விடும்.